ஃபீடரை எப்போது இறக்குவது? இலையுதிர்காலத்தில் ஓசனிச்சிட்டுக்கு உணவு வைப்பது பற்றி

செப்டம்பர் பிறந்ததும், அமெரிக்காவின் கிழக்கு மாநிலங்களில் கொல்லைப்புறத்தில் பறவைகளுக்குச் சர்க்கரைத் தண்ணீர் வைப்பவர்களிடம் ஒரு தயக்கம் தலைதூக்கும். ஹம்மிங் பறவை என்று எல்லோரும் சொல்லும் ஓசனிச்சிட்டு தெற்கே கிளம்ப வேண்டிய பருவம் இது. இந்த நேரத்தில் ஃபீடர், அதாவது அந்தச் சர்க்கரைத் தண்ணீர்க் குடுவை, தொங்கிக்கொண்டிருந்தால், உழைக்காமல் கிடைக்கும் இனிப்புக்கு மயங்கி அது இங்கேயே தங்கிவிடாதா? முதல் உறைபனியில் செத்துப்போகாதா? அக்கம்பக்கத்தில் யாராவது, "லேபர் டே வந்தாச்சு, எடுத்துடுங்க" என்று, செப்டம்பர் முதல் திங்களன்று வரும் விடுமுறையைக் கணக்கு வைத்துச் சொல்லியும் இருப்பார்கள். நல்ல மனதோடு சொல்லப்படும் யோசனைதான். ஆனால் அதைக் கேட்டு ஃபீடரைக் கழற்றுகிறவர்கள், அது மிகவும் தேவைப்படும் பறவைகள் வந்துசேரும் வாரங்களில் கழற்றிவிடுகிறார்கள். ஏன் அப்படி என்று விளங்க வேண்டுமானால் இந்தப் பறவையின் பயணத்தைக் கொஞ்சம் அருகே போய்ப் பார்க்க வேண்டும்.

ஓசனிச்சிட்டுகள் அமெரிக்கக் கண்டங்களுக்கு மட்டுமே உரியவை. நம் ஊரில் செம்பருத்திக்குள் அலகை நுழைக்கும் தேன்சிட்டைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இரண்டும் ஒரே குடும்பமாகத் தோன்றலாம். உண்மையில் தேன்சிட்டு காகமும் குருவியும் அடங்கிய பெரிய வரிசையைச் சேர்ந்தது. ஓசனிச்சிட்டுக்கு நெருங்கிய சொந்தம் உழவாரன் (ஸ்விஃப்ட்) என்ற பறவை. பூந்தேனை நம்பிப் பிழைக்கத் தொடங்கியதால் இரண்டுக்கும் தனித்தனியாக அலகு நீண்டது, அவ்வளவே. 350க்கு மேற்பட்ட ஓசனிச்சிட்டு இனங்களில், மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே வழக்கமாகக் கூடு கட்டுவது ஒன்றே ஒன்றுதான். ஆணின் கழுத்தில் வெயில் பட்டால் மாணிக்கம்போல் ஒளிரும் சிவப்பு இருப்பதால் ரூபி-த்ரோட்டட் என்று பெயர். எடை சுமார் 3 கிராம். நொடிக்கு ஐம்பது முறை அளவில் சிறகடிக்கும். கோடையில் கனடாவின் தென்பகுதி வரை வந்து குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தென்மெக்சிகோவிலிருந்து பனாமா வரையுள்ள நாடுகளுக்குப் போய்விடும்.

போகச் சொல்வது எது? பகல் பொழுதின் நீளம். கோடை திரும்பியதும் பகல் சுருங்கத் தொடங்குவதை மூளை உணர்கிறது, ஹார்மோன்கள் மாறுகின்றன, பசி பெருகுகிறது, உடலுக்குள் கிளம்பும் துடிப்பு ஏறுகிறது. உணவு தீர்ந்துபோவது காரணமே இல்லை. வேறெந்தச் சான்றும் வேண்டாம், வளர்ந்த ஆண் பறவைகள் கிளம்பும் நாளைப் பார்த்தாலே போதும்: ஜூலைக் கடைசியிலும் ஆகஸ்டிலும், தோட்டமெங்கும் பூவும் பூச்சியும் மண்டிக்கிடக்கும்போது, அவை கிளம்பிவிடுகின்றன. அத்தனை பூக்களாலும் பிடித்துவைக்க முடியாத பறவையை நம் வீட்டுக் குடுவை பிடித்துவைத்துவிடாது. கூண்டில் வைத்து வயிறாரத் தீனி போட்டு வளர்க்கப்படும் வலசைப் பறவைகள்கூடப் பருவம் வந்தால் இரவெல்லாம் நிலைகொள்ளாமல் தாவிக்கொண்டிருப்பதைப் பறவையியலாளர்கள் நெடுங்காலமாகப் பார்த்துவருகிறார்கள்.

ஆண்களுக்குப் பிறகு தாய்ப் பறவைகள் கிளம்பும். கடைசியாகப் போவது அந்த வருடம் பிறந்த குஞ்சுகள். வழிகாட்ட யாரும் கிடையாது, கூட்டமாகவும் பறப்பதில்லை. பிறந்து சில மாதங்களே ஆன பறவை, எந்தத் திசையில் எவ்வளவு தூரம் என்ற பிறவி அறிவை மட்டும் நம்பித் தன்னந்தனியாகக் கிளம்புகிறது. செப்டம்பர் பாதிக்குமேல் ஃபீடருக்கு வருபவை பெரும்பாலும் இந்த இளம் பறவைகளே. தொண்டையில் சிவப்பு இல்லாததால் எல்லாம் பெண்போலத் தெரியும். எல்லாம் ஒரே பறவைபோலவும் தோன்றும். "நம்ம வீட்டுப் பறவை இன்னும் போகலையே" என்று கவலைப்படுகிறவர்கள் பார்ப்பது பெரும்பாலும் அந்தக் கோடைப் பறவையை அல்ல. அது எப்போதோ போய்விட்டது. இப்போது வந்திருப்பது வடக்கே மெயின் மாநிலத்திலிருந்தோ கனடாவின் ஒன்டாரியோவிலிருந்தோ புறப்பட்டு வந்த வழிப்போக்கர். சில நாள் தங்கித் தின்றுவிட்டு அதுவும் போகும், அந்த இடத்துக்கு இன்னொன்று வரும். காலில் வளையமிட்டு ஆராய்பவர்களுக்கு இது அன்றாட அனுபவம்: கண்ணுக்கு இரண்டு மூன்றாகத் தெரியும் இடத்தில் உண்மையில் அதைப் போலப் பல மடங்கு பறவைகள் மாறி மாறி வந்துபோய்க்கொண்டிருக்கும்.

இந்த வழிப்போக்கர்களுக்கு வேண்டியது கொழுப்பு. சாதாரண நாளில் 3 கிராம் இருக்கும் பறவை, நீண்ட பறப்புக்கு முன் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிடும்; 5, 6 கிராம் வரை போகும். கூடியதில் ஏறக்குறைய எல்லாமே கொழுப்பு. குடித்த சர்க்கரையை ஈரல் கொழுப்பாக மாற்றித் தோலுக்கடியில் சேர்த்துவைக்கிறது. ஓசனிச்சிட்டின் உடல் இரண்டு விதமாகவும் ஓடக்கூடியது: பகலில் பூவுக்குப் பூ அலையும்போது, அப்போதுதான் குடித்த சர்க்கரையை அரை மணி நேரத்துக்குள் நேரடியாகவே எரித்துப் பறக்கும், குடிக்க வழியில்லாத நெடும்பறப்பில் சேமித்த கொழுப்பை எரிக்கும்.

அந்த நெடும்பறப்பு எது என்றால் மெக்சிகோ வளைகுடா. வடகரையிலிருந்து மெக்சிகோவின் யூகட்டான் தீபகற்பம் வரை சுமார் 800 கிலோமீட்டர். நடுவில் இறங்க ஒரு பூவும் இல்லை, கிளையும் இல்லை. இருபது மணி நேர அளவில் நிற்காமல் பறந்தாக வேண்டும். இவ்வளவு சின்ன உடம்பால் இது நடக்குமா என்பதே ஒரு காலத்தில் ஐயத்துக்குரியதாக இருந்தது. 1962இல் ராபர்ட் லசியெவ்ஸ்கி என்ற ஆய்வாளர், பறவை மூச்சில் செலவிடும் ஆக்சிஜனை அளந்து, அது சேர்க்கக்கூடிய கொழுப்போடு ஒப்பிட்டு, வளைகுடாவைத் தாண்ட அது போதும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். இரண்டு கிராம் கொழுப்பில் இருப்பது 18 கிலோகலோரி. சர்க்கரையும் பாலும் சேர்த்த ஒரு டம்ளர் காப்பியில் இருப்பது அதைவிட அதிகம். அந்த 18 கிலோகலோரி இருந்தால் மறுகரை. குறைந்தால், எதிர்க்காற்று அடித்தால், கடல்.

எல்லாமே கடலைத் தாண்டுவதில்லை. இலையுதிர்காலத்தில் ஏராளமானவை டெக்ஸஸ் கடற்கரையை ஒட்டியே இறங்கி, தரைவழியாக மெக்சிகோவுக்குள் போகின்றன. டெக்ஸஸின் ராக்போர்ட் என்ற சிறிய கடலோர ஊரில் செப்டம்பர்தோறும் ஓசனிச்சிட்டுக்கென்றே விழா நடப்பது இதனால்தான். அந்த நாட்களில் ஊரின் ஒவ்வொரு தாழ்வாரத்திலும் அவை மொய்க்கும். அலபாமாவின் ஃபோர்ட் மார்கன் முனையில் நடந்த வளையமிடும் ஆய்வுகள் எனக்கு மிக முக்கியமாகப் படும் ஒரு செய்தியைச் சொல்லின: வயதான பறவைகள் முன்னதாகவே, கூடுதல் கொழுப்போடு கரைக்கு வந்து விரைவில் கிளம்பிவிடுகின்றன, இளம் பறவைகள் தாமதமாக, மெலிந்து வந்து, அதிக நாள் தங்க வேண்டியிருக்கிறது. பிந்தி வருபவை அனுபவமில்லாதவை, கையிருப்பும் குறைந்தவை. செப்டம்பர் முதல் வாரத்தில் ஃபீடரைக் கழற்றினால் யாருடைய வாய்க்கு எட்டாமல் போகிறது என்பது இதிலிருந்தே தெரியும்.

இனி அந்தக் குடுவைக்குள் என்ன ஊற்றுவது என்பது. ஒரு கப் வெள்ளைச் சர்க்கரை, நான்கு கப் தண்ணீர். வேறொன்றும் வேண்டாம். ஓசனிச்சிட்டு நாடும் பூக்களின் தேனில் முதன்மையாக இருப்பது சுக்ரோஸ்; கடையில் வாங்கும் வெள்ளைச் சர்க்கரையும் அதே சுக்ரோஸ்தான். ஒன்றுக்கு நான்கு என்ற அளவும் அந்தப் பூக்களின் இனிப்புக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. குளிர்ந்தால் மூன்றுக்கு ஒன்று கலக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். கரைசல் கெட்டியாக ஆக, நாக்கால் அதை ஏற்றுவது கடினமாகும். நான்குக்கு ஒன்றையே பருவம் முழுவதும் வைத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து.

இந்த இடத்தில் தமிழ்க் குடும்பங்களுக்கென்று தனியாக ஒன்று சொல்ல வேண்டும். வெள்ளைச் சர்க்கரை உடம்புக்கு ஆகாது என்று நம் வீடுகளில் நாட்டுச்சர்க்கரைக்கும் கருப்பட்டிக்கும் தேனுக்கும் மாறியிருக்கிறோம். அதே அக்கறையில் பறவைக்கும் "நல்லதை" வைக்கத் தோன்றும். தயவுசெய்து வைக்க வேண்டாம். வெல்லத்திலும் நாட்டுச்சர்க்கரையிலும் உள்ள இரும்புச்சத்து நமக்கு நல்லது. இரும்பு மிகக் குறைவாக உள்ள பூந்தேனுக்குப் பழகிய இந்தப் பறவையின் உடலில் அது தேங்கிக் கேடு செய்யும். தேனைத் தண்ணீரில் கரைத்தால் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும், அந்தப் பூஞ்சை பறவையின் வாயையும் நாக்கையும் தாக்கும். சர்க்கரை நோயாளிகளுக்கான செயற்கை இனிப்புகளில் கலோரியே இல்லை. எரிக்க ஏதுமில்லாத இனிப்பு அதற்குப் பட்டினிதான். சிவப்புச் சாயமும் வேண்டாம். பறவையைக் கூப்பிட ஃபீடரின் சிவப்பு மூடியே போதும், தேன் எந்தப் பூவிலும் சிவப்பாக இருப்பதில்லை.

இனிப்பை இந்தப் பறவை அறிந்துகொள்வதே ஒரு தனிக்கதை. பாலூட்டிகளுக்கு இனிப்பைக் காட்டும் ஏற்பிகளில் (நாக்கில் சுவையை உணரும் புரதங்களில்) ஒரு பகுதியைப் பறவைகளின் முன்னோர்கள் இழந்துவிட்டனர். கோழிக்குச் சர்க்கரையின் சுவை தெரியாது. ஓசனிச்சிட்டோ, இறைச்சிச் சுவையை உணர்த்தும் ஏற்பியை இனிப்பை உணர்த்துவதாக மாற்றிக்கொண்டது என்று 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. செயற்கை இனிப்புகளில் பலவற்றை அது சீண்டாததும் இந்த மாற்றத்தோடு தொடர்புடையது. மெல்லிய குழாயில் நீர் தானாக ஏறுவதுபோல அதன் நாக்கில் தேன் ஏறுகிறது என்று நூறாண்டுக்கு மேலாகப் பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. 2011இலும் 2015இலும் அதிவேகக் கேமராவில் பதிவுசெய்து பார்த்தபோது, நாக்கின் பிளவுபட்ட நுனி தேனுக்குள் விரிந்து, வெளியே வரும்போது மூடி அள்ளிக்கொண்டு வருவதும், அமுங்கிய நாக்கு விரியும் விசையிலேயே தேன் ஏறுவதும் தெரிந்தன. நொடிக்குப் பதினைந்து இருபது முறை இது நடக்கிறது.

சர்க்கரைத் தண்ணீர் கெடும். ஃபீடர் வைப்பதில் உள்ள பெரிய ஆபத்துகளில் ஒன்று இது. இலையுதிர்காலம் என்று பெயர் இருந்தாலும் செப்டம்பரில் டெக்ஸஸிலும் ஜார்ஜியாவிலும் வெயில் கொளுத்தும். 90 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது 32 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால் இரண்டு நாளைக்கொரு முறை மாற்ற வேண்டும். குளிர்ந்த நாட்களில் நான்கைந்து நாள் தாங்கும். கலங்கலாகத் தெரிந்தால் நாள் கணக்குப் பார்க்காமல் கொட்டிவிடுங்கள். மீதம் இருப்பதன் மேலேயே புதிதை ஊற்றுவது கூடவே கூடாது. வெந்நீரும் பாட்டில் பிரஷ்ஷும் போதும். கருமை படிந்தால் வினிகர் கலந்த நீரில் ஊறவைத்து நன்றாக அலசலாம். 2019இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் ஃபீடர்களில் வாழும் நுண்ணுயிர்களைப் பூக்களில் உள்ளவற்றோடு ஒப்பிட்டார்கள். பெருவாரியான நுண்ணுயிர்கள் இருந்தாலும் நோய் உண்டாக்குவதாக அறியப்பட்டவை அவற்றில் அரிது என்பது அவர்கள் கண்டது. ஆறுதலான செய்தி, ஆனால் கழுவாமலிருக்க அனுமதி அல்ல. பெரிய குடுவையைப் பாதி நிரப்புவதைவிட, சின்னக் குடுவையை அடிக்கடி நிரப்புவதே என் யோசனை.

எறும்புக்கு, ஃபீடருக்கு மேலே தண்ணீர் நிரப்பிய சிறு கிண்ணம் தொங்கவிட்டால் போதும். கம்பியில் எண்ணெயோ கிரீஸோ தடவாதீர்கள். இறகில் பட்டால் பறவையால் பறக்கவே முடியாது. செப்டம்பரில் மஞ்சள் குளவிகளின் தொல்லை உச்சத்துக்குப் போகும். தேன் அடியாழத்தில் நிற்கும் தட்டு வடிவ ஃபீடர்களில் பறவையின் நாக்கு எட்டும், குளவிக்கு எட்டாது. கும்பிடுபூச்சி ஒன்று ஃபீடர்மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தால் உடனே கவனியுங்கள். சீனாவிலிருந்து வந்து அமெரிக்காவில் பரவிய பெரிய கும்பிடுபூச்சி இந்தப் பருவத்தில்தான் முழு வளர்ச்சி அடைகிறது, ஓசனிச்சிட்டைப் பிடித்துத் தின்றுவிடும். கொல்ல வேண்டாம்; ஒரு குச்சியில் ஏற்றி எட்ட இருக்கும் செடிக்கு மாற்றினால் ஆயிற்று.

சண்டை அதிகமாவதும் இப்போதுதான். ஒரு பறவை குடுவையைத் தனதாக்கிக்கொண்டு மற்ற எதையும் அண்டவிடாது. பார்க்கச் சுவாரசியம், ஆனால் விரட்டப்படுவதற்கும் விரட்டுவதற்கும் அதே அரிய கொழுப்பு செலவாகிறது. ஒன்றை வீட்டுக்கு முன்னும் ஒன்றைப் பின்னும், ஒன்றிலிருந்து மற்றது தெரியாதபடி வைத்தால் ஒரு முரடன் இரண்டையும் காக்க முடியாது. கூட்டம் பெருகிய கடலோர ஊர்களில் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொத்தாக மாட்டுகிறார்கள். பத்துப் பறவைகள் சேர்ந்து வரும்போது எதை விரட்டுவதென்று அந்த முரடனுக்கே புரியாது.

குளிர் இரவுகளில் இந்தப் பறவை ஓர் அபூர்வ நிலைக்குள் போகிறது. பகலில் 40 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும் உடல் வெப்பத்தைத் தானே இறக்கி, நிமிடத்துக்கு ஆயிரத்தைத் தாண்டக்கூடிய இதயத் துடிப்பை ஐம்பது அளவுக்குக் குறைத்து, செத்ததுபோல உறைந்து உட்கார்ந்திருக்கும். பெருவின் ஆண்டிஸ் மலையில் ஓர் இனத்தின் உடல் வெப்பம் இரவில் 3.3 டிகிரி வரை இறங்கியதை 2020இல் பதிவுசெய்தார்கள். பட்டினிக்கு எதிரான கடைசிக் கவசமாகத்தான் இந்த உறைநிலையை வெகுகாலம் கருதினர். டொராண்டோ பல்கலைக்கழகத்தின் ஸ்கார்பரோ வளாகத்தைச் சேர்ந்தவர்கள் பங்கேற்ற, 2021இல் வெளியான ஓர் ஆய்வு இன்னொன்றையும் காட்டியது.  அதில் ஆராயப்பட்டது ரூபி-த்ரோட்டட்தான். கூடு கட்டும் காலத்தில் கொழுப்பு ஒரு எல்லைக்குக் கீழே இறங்கினால் மட்டுமே உறைநிலைக்குப் போகும் பறவை, கோடைக் கடைசியில் கொழுப்பு நிறைய இருக்கும்போதே அந்த நிலைக்குப் போகிறது. பயணத்துக்காகச் சேர்த்ததை இரவில் செலவழிக்க அது விரும்பவில்லை. விடிந்ததும் உடலைச் சூடேற்றிக்கொண்டு முதலில் தேடுவது உணவு. அதனால் ஃபீடரை இரவே நிரப்பி வைத்துவிடுங்கள். பொழுது விடிந்து ஆறவமர நிரப்பினால் அந்த முதல் பசி தாண்டிப்போயிருக்கும்.

ஃபீடரால் எதுவுமே மாறாது என்று சொல்வதும் உண்மையாகாது. பசிபிக் கரையில் வாழும் அன்னா ஓசனிச்சிட்டு பெரும்பாலும் வலசை போகாத இனம். கடந்த நூற்றாண்டில் அது கலிஃபோர்னியாவிலிருந்து வடக்கே சியாட்டில், வான்கூவர் வரை பரவியிருக்கிறது. தோட்டங்களில் நட்ட வெளிநாட்டுப் பூச்செடிகளும் ஃபீடர்களும் அதற்குக் கைகொடுத்தன என்பதை 2017இல் வெளியான ஆய்வு ஒன்று, வீட்டு ஃபீடர்களைக் கவனித்து மக்கள் அனுப்பிய பதிவுகளை வைத்தே காட்டியது. அங்கே ஃபீடர் வைத்தவர்கள் உறைபனியிலும் அதை உறையாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஏற்கிறார்கள். கிழக்கே நிலைமை வேறு. அங்குள்ள பறவையின் புறப்பாட்டைப் பகலின் நீளம் முடிவுசெய்கிறது, இடையில் தங்கும் நாட்களைச் சற்றுக் குறைக்க மட்டும் நம்மால் முடியும்.

ஃபீடரைவிடப் பூவும் பூச்சியும் பெரியவை என்பதையும் அழுத்திச் சொல்லத்தான் வேண்டும். சர்க்கரைத் தண்ணீரில் புரதம் இல்லை. கொசுவையும் சிலந்தியையும் பழ ஈயையும் பிடித்துத்தான் இந்தப் பறவை சதை வளர்க்கிறது. மருந்தடித்துப் பூச்சியை ஒழித்த தோட்டத்தில் ஃபீடர் தொங்குவதில் அர்த்தமில்லை. கிழக்கு அமெரிக்காவின் ஓடைக்கரைகளில், நம் காசித்தும்பையின் உறவான ஆரஞ்சுநிறக் காட்டுத்தும்பை ஆகஸ்ட், செப்டம்பரில் பூத்துக் குலுங்கும். ஓசனிச்சிட்டின் வலசை உச்சமும் அதே வாரங்கள். டெக்ஸஸில், இதழ் விரியாமல் மொட்டாகவே நிற்கும் சிவப்புச் செம்பருத்தி வகை ஒன்று நிழலிலும் இலையுதிர்காலம் முழுக்கப் பூக்கும். இவற்றில் இரண்டு செடி வைத்தால், நீங்கள் ஊருக்குப் போன வாரத்திலும் பறவைக்கு உணவு உண்டு. 2017 ஆகஸ்ட் 25 அன்று ஹார்வி சூறாவளி ராக்போர்ட் அருகேதான் கரையைக் கடந்தது. வலசைக் கூட்டம் வந்திறங்கச் சில வாரமே இருக்கையில் இலையும் பூவும் உதிர்ந்து மரங்கள் மொட்டையாயின. பூவே இல்லாமல் போகும் அப்படிப்பட்ட நாட்களில்தான் ஃபீடர் உண்மையிலேயே உயிர்காக்கும் பொருள்.

வைக்கும் இடமும் முக்கியம். அமெரிக்காவில் ஆண்டுக்கு 36 கோடிக்கும் 99 கோடிக்கும் இடைப்பட்ட பறவைகள் கட்டடங்களில், பெரும்பாலும் கண்ணாடியில், மோதிச் சாகின்றன என்று 2014இல் மதிப்பிட்டார்கள். ஃபீடரை ஜன்னலிலிருந்து ஒரு மீட்டருக்குள் வைத்தால் மோதினாலும் வேகம் இராது. அல்லது ஒன்பது மீட்டருக்கு அப்பால் வையுங்கள். பூனையை உள்ளே வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது இறக்குவது? கடைசிப் பறவையைப் பார்த்த நாளிலிருந்து இரண்டு வாரம் கழித்து. மினசோட்டாவிலும் மெயினிலும் அது அக்டோபர் தொடக்கமாக இருக்கலாம், நியூ ஜெர்சியில் அக்டோபர் கடைசி. வளைகுடாக் கரையில் பலர் குளிர்காலம் முழுக்க விட்டுவைக்கிறார்கள். காரணம், மேற்கிலிருந்து வரும் விருந்தாளிகள். அலாஸ்காவரை போய்க் கூடு கட்டும் ரூஃபஸ் என்ற செம்பழுப்பு ஓசனிச்சிட்டு வழக்கமாகக் குளிர்காலத்தில் மெக்சிகோவுக்குப் போகும். ஆனால் கொஞ்சம் பறவைகள் தென்கிழக்கு மாநிலங்களுக்கு வந்து குளிர்காலத்தைக் கழிக்கின்றன. நவம்பரில் ஃபீடருக்கு ஒன்று வந்தால், வழி தவறிய ரூபி-த்ரோட்டட் என்று பதறிவிடாதீர்கள். பிடித்து வீட்டுக்குள் கொண்டுபோகவும் நினைக்காதீர்கள், 1918ஆம் ஆண்டின் வலசைப் பறவைகள் சட்டப்படி அது குற்றமும்கூட. படம் எடுத்து, அருகிலுள்ள பறவை வளையமிடுவோருக்குச் சொல்லுங்கள். 2010 ஜனவரியில் ஃப்ளோரிடாவின் டலஹாசியில் வளையமிடப்பட்ட ஒரு ரூஃபஸ் அதே ஆண்டு ஜூனில் அலாஸ்காவின் செனேகா பேயில் மறுபடி பிடிபட்டது. நேர்கோட்டில் அளந்தாலே 5,600 கிலோமீட்டருக்கு மேல்.